ஒரு பலாமரத்துக்கு ரெண்டு மனு

மனு டைப் அடித்துக் கொடுக்கும் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும்: சண்டை போடுகிற ரெண்டு கட்சிக்கும் நாம்தான் அடிக்கணும், ரெண்டையும் படித்தால் ரெண்டும் நியாயமாக இருந்து தொலைக்கும். பிளஸ் டூவில் நான் ஃபெயில். திரும்ப எழுத எனக்குப் பொறுமை இல்லை. மைன்ஸ் டவுன்ஷிப் மார்க்கெட்டில் ராணி அக்காவின் ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இப்போது அந்தக் கடை இல்லை. பண்ருட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறேன். இங்கே எல்லாத் துணியிலும் விலை ஒட்டியிருக்கிறது, யாரும் எதற்கும் வாதாடுவதில்லை. செம போர்.

நட்டவர்

அந்தோணிசாமி சார் மைன்ஸில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டு வடலூருக்குப் போய்விட்டார். குவார்ட்டர்ஸ் பின்னால் அவருடைய மனைவி கேட்டதற்காக நட்ட பலாமரத்தை எடுத்துப் போக முடியுமா? மனைவி இப்போது இல்லை. அந்த அம்மாவின் நினைவு நாளைக்கு அதே மரத்துப் பழம் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருக்குப் பிறகு குடிவந்தவர்கள் முடியாது என்றுவிட்டார்கள்.

“குவார்ட்டர்ஸே உங்களுது இல்லையே சார், மரம் எப்படி உங்களுது?” என்று கேட்டேன்.

“இடம் யாருதோ இருக்கட்டும்மா. குழி வெட்டுனது இந்தக் கைதானே? அதை அடி.”

வளர்த்தவர்

மறுநாள் அதே குவார்ட்டர்ஸிலிருந்து கோமதி அக்கா வந்தார், எதிர் மனுவோடு.

“அவரு நட்ட மரம் புயல்லயே சாஞ்சிடுச்சு. நாங்க வந்தப்ப முழங்கால் உயரத்துக்கு வெறும் கட்டை. துணி அலசுன தண்ணியெல்லாம் தூக்கிக்கினு போய் ஊத்தி, பக்கத்துல துளுத்தத மரமாக்குனது நானு. இது வேற மரம்.”

“வேர் அவரு வச்சதுதானக்கா?”

“உன்னை அடிக்கத்தானே சொன்னேன்? தீர்ப்பா கேட்டேன்?”

அடியில் காய்த்தது

அந்த வருஷம் பார்த்து அந்த மரம் ஒரு வேலை செய்தது. பழைய கட்டையும் புதுத் தண்டும் சேருகிற இடத்தில், மண்ணை உரசிக்கொண்டு ஒரு காய். வேர்ப்பலா என்றார் சார். தண்டில் காய்த்தது என்றார் அக்கா. ரெண்டு பேரும் கடையிலேயே நேருக்கு நேர் கத்தினார்கள். எனக்குத் தலை வலித்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்த வக்கீல் ஒருத்தர் முழுசாகக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“ரெண்டு சைடுக்கும் பாயின்ட் இருக்கு. ஆயுசுக்கும் நடத்தலாம். எனக்குன்னு இப்படி ஒரு கேஸ் வரமாட்டேங்குதே!”

கூட்டு மனு

ரெண்டு மனுவும் டவுன்ஷிப் ஆபீஸில் ஒரே மேஜைக்குப் போனது. மரம் ரெண்டு பேருடையதும் இல்லை, சுவரோரம் இருப்பதால் வெட்டப்படும் என்று பதில் வந்தது. அன்றைக்கே ரெண்டு பேரும் ஓடி வந்தார்கள். ‘எங்கள் மரத்தை வெட்ட வேண்டாம்’ என்று அடித்தேன்.

“எங்கள்னா யாரும்மா?” என்றார் சார். அக்காவும் முறைத்தார். ‘மேற்படி மரம்’ என்று மாற்றினேன். கடுப்பில், “இப்பவாவது கையெழுத்து போடுங்க. மரம் இருந்தாத்தானே சண்டை போடுவீங்க?” என்று கத்தியும் விட்டேன். போட்டார்கள். ஆபீஸ்காரர்கள் கிளையை மட்டும் கழித்துவிட்டு மரத்தை விட்டுவிட்டார்கள்.

ஆனால் அன்றைக்குப் பேனாவை மூடும்போதே அக்கா சொன்னார்: “கையெழுத்து போட்டதால மரம் உங்களுதுன்னு ஒத்துக்கினேன்னு நினைச்சிடாதீங்க.”

நினைவு நாள்

நினைவு நாளைக்கு முதல் நாள், சாக்கில் சுற்றி அந்த அடிப்பழத்தைக் கொண்டுவந்து கடையில் வைத்தார் கோமதி அக்கா. கடை முழுக்க வாசனை.

“அவரு வந்தா குடுத்துடு. என் மரத்துலேர்ந்து நான் குடுத்தேன்னு சொல்லு.”

சாயங்காலம் சார் வந்தார். சாக்கைப் பிரித்தார். அந்தப் பழத்தின் மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். பழத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும். ஆனா என்னுதைத்தான் நான் எடுத்துக்கினு போறேன்னு சொல்லிடு.”

பழம் தீர்ந்துவிட்டது, கடையும் மூடியாகிவிட்டது, அந்த வழக்கு மட்டும் அடுத்த சீசனுக்குப் பிஞ்சு விட்டிருக்கிறதாம்.