யார் எங்கே தூங்கினார்கள்

குடும்பப் புத்தகத்தில் சித்தி தன்னைப் பற்றி எழுதியிருந்த ஐந்தாறு வரிகளைப் பெரியவர் அடித்துவிட்டு, மேலே ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பியிருந்தார்: "இல்லத்தரசி."

அந்தப் புத்தகத்துக்குப் பக்கம் அடுக்கிக் கொடுக்கும் வேலை என்னுடையது. கடல் தாண்டி உட்கார்ந்து பிழைப்புக்காகச் செய்வதும் அதேதான் என்பதால் சித்தி கேட்டார், ஒப்புக்கொண்டேன். சித்தி என் அம்மாவின் தங்கை. பெரியவர் சித்தப்பாவுக்கு மூத்த அண்ணன், பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆக, அது என் குடும்பமே இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"இல்லத்தரசியாம் சித்தி! பத்துப் பதினைந்து பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தினவங்க நீங்க!" என்று போனில் கத்தினேன்.

"அரசின்னு போட்டிருக்காரே, அதுவே பெரிசு. எந்த இல்லம்னுதான் புரியல. நான் குடியிருந்தது எல்லாம் பட்டாளத்து வீடு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "என் வரி கிடக்கட்டும்டி. அதை நானே மறுபடி எழுதிக்கிறேன். அடுத்த பக்கத்துல என்ன அடிச்சிருக்கார்னு பார்த்தியா?"

பார்த்தேன். அங்கே 'அத்தை' என்ற தலைப்பில் இருந்த ஒரு முழுப் பக்கமும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. என் கோபம் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

சித்தி எப்படிப்பட்டவர் என்று சொன்னால்தான் அதற்குப் பிறகு நடந்தது விளங்கும்.

சித்தப்பா ராணுவத்தில் வண்டி பழுதுபார்க்கும் பிரிவு. மாற்றல் உத்தரவு வந்தால் அவர் முன்னால் போய்விடுவார். மூட்டை கட்டுவது, பிள்ளைகளின் பள்ளியில் சான்றிதழ் வாங்குவது, பால்காரனுக்குச் சொல்வது, கடைசியில் குவார்ட்டர்ஸை ஒப்படைப்பது, எல்லாம் சித்தி தலையில். ஒப்படைப்பு என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வருவதல்ல. கிடங்கிலிருந்து ஒரு சிப்பந்தி பட்டியலோடு வருவார். கட்டில், அலமாரி, ஜன்னல் கொக்கி, பல்பு என்று ஒவ்வொன்றாகப் படித்து, இல்லாததை எல்லாம் குடியிருந்தவர் தலையில் கட்டுவார். ஓர் ஊரில் முக்காலி ஒன்று குறைகிறது என்று அப்படி ஒருவர் ஒற்றைக் காலில் நின்றார்.

"அந்தத் தாளை மடிச்சுப் பையில வைங்க" என்றார் சித்தி. "வாசல்ல வந்து நில்லுங்க. உங்க வலது கைப்பக்கம் என்ன இருக்கு? சரி, அதுக்கு அடுத்தது?" சுவரோடு சுவராக அவரை நடத்திக்கொண்டு போனார். சமையலறை மூலையில் முக்காலி நின்றது. சற்று முன்பு பல்பைப் பார்ப்பதற்காக அந்த ஆளே ஏறி நின்ற முக்காலி.

"தாளைப் பார்த்தா தாள்ல இருக்கிறதுதான் தெரியும். வீட்டைப் பார்த்தாத்தான் வீட்டுல இருக்கிறது தெரியும்" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

பள்ளிக்கூடங்கள் அவரை நடத்தியதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. போகிற ஊரில் எல்லாம் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர் என்று சான்றிதழைக் காட்டுவார். போகிற ஊரில் எல்லாம் தலைமையாசிரியர் ஒரே பல்லவியைப் பாடுவார்: "உங்க வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்தா நீங்க கிளம்பிடுவீங்களேம்மா. தற்காலிகமா வேணா வச்சுக்கறோம்." தற்காலிகம் என்றால் யாரும் சீந்தாத வகுப்பு, எந்த ஆசிரியர் இல்லையோ அந்தப் பாடம். ஓர் ஊரில் கணக்கு, அடுத்த ஊரில் அறிவியல், ஓரிடத்தில் தையல். ஆசிரியர் அறையில் நாற்காலிகூடத் தர மாட்டார்கள். விடுப்பில் போனவரின் நாற்காலியில் உட்கார வேண்டும், அவர் திரும்பி வந்தால் எழுந்திருக்க வேண்டும். மேசையில் இழுப்பறை கிடையாது என்பதால் சாக்பீஸைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். புது வகுப்பில் நுழைந்தவுடன் பெயர் கேட்க மாட்டார், யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்ப்பார். ஒரு வாரத்தில் எந்தப் பையன் யாரைப் பார்த்து எழுதுகிறான், எந்தப் பெண் ஏன் கடைசி பெஞ்சுக்குப் போனாள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

சித்தப்பா ஓய்வு பெற்று, சொந்த வீட்டில் காலை நீட்டிய பிறகு, பெரியவர் ஒரு நாள் வந்து அறிவித்தார்: குடும்ப வரலாறு ஒன்று போட வேண்டும், எல்லோரையும் கூட்டி வெளியிட வேண்டும். "நீதான் எழுதணும்மா. நீதான் சும்மா இருக்கே."

சும்மா! அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டு சித்தி வேலையில் இறங்கினார். உறவுக்காரர்களிடம் தேதி கேட்டால் ஒருவருக்கும் நினைவில்லை. பெருமை கேட்டால் எல்லோரும் ஒரே கதையை ஆளுக்கொரு விதமாக அளந்தார்கள். அப்போது சித்தி தன் பழைய வித்தையை எடுத்தார். "பெரிய வீட்டு வாசல்ல நில்லுங்க. வலது கைப்பக்கம் யாரு தூங்கினாங்க?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. கொழுந்தன்மார்களில் கடைக்குட்டி, தலை நரைத்தும் அவருக்கு அதுதான் பெயர், போனிலேயே குதித்தாராம். "அண்ணி, நான் கட்டிலுக்கு அடியில! மேலே படுத்தா பெரியண்ணன் உதைப்பான். அத்தைதான் என்னை இழுத்துத் தன் பாயில போட்டுக்குவாங்க." நாத்தனார் சொன்னார்: "நான் அத்தைக்கு இந்தப் பக்கம். இருட்டுன்னா பயம், அவங்க முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன்." அந்த வீட்டின் ஏழு பிள்ளைகளும் எங்கே ஆரம்பித்தாலும் சமையலறையை ஒட்டிய அந்த நடையில், அத்தையின் பாயில் வந்து முடிந்தார்கள்.

அந்த அத்தை சித்தியின் மாமனாருக்குத் தங்கை. கல்யாணமாகிப் போன வீட்டில் ஒரு மாதம்கூட இருக்கவில்லை, திரும்பி வந்துவிட்டார். எத்தனை பேர் வந்து சமாதானம் பேசியும் மறுபடி போகவில்லை. அதற்குக் குடும்பம் வைத்த பெயர் எல்லோருக்கும் தெரிந்த அந்த அசிங்கமான பெயர்தான், நான் எழுதப் போவதில்லை. பெரியவரின் அம்மா பிரசவமும் படுக்கையுமாகவே இருந்தவர் என்பதால் ஏழு பிள்ளைகளையும் வளர்த்தது இவர். எண்பதைத் தாண்டிய பிறகும் பெரியவர் வீட்டில், துணி துவைக்கும் இடத்தை ஒட்டிய அறையில் இருக்கிறார். அடக்கமான ஆத்மா என்று நினைத்துவிட வேண்டாம். சீட்டு விளையாடினால் கள்ளாட்டம் ஆடுவார், கண்டுபிடித்தால் கண் தெரியவில்லை என்பார்.

சித்தி அவரிடமும் போய்க் கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் அத்தை கேட்டாராம்:

"என் பேரும் வருமா?"

"வராம? உங்களுக்குன்னு தனிப் பக்கம்."

"அப்ப ஒழுங்கா எழுது. ஓடி வந்துட்டான்னுதான் இதுவரைக்கும் எல்லாரும் சொல்லிக்கிட்டிருக்காங்க. நான் ஓடி வரல. பட்டப்பகல்ல, பெட்டியைத் தூக்கிக்கிட்டு, நடந்து வந்தேன்."

அந்தப் பக்கத்தைத்தான் பெரியவர் ஒரே கோட்டில் அடித்திருந்தார்.

சித்தி நேரே அவர் வீட்டுக்குப் போனார். சித்தப்பாவைக் கூப்பிட்டதற்கு, "அண்ணன்கிட்ட யாரு பேசறது?" என்று செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டாராம். எல்லையில் நின்ற மனிதர் அண்ணன் எதிரில் நிற்க மாட்டார்.

"வம்சம்னா ஒரு கோடும்மா" என்றார் பெரியவர். "அப்பா, பிள்ளை, பேரன். கோடு போகாத இடத்துல பேரு எழுத முடியாது. பத்திரத்துலயும் அதுதான் முறை."

"பெரியத்தான், உங்க மூணாவது தம்பி கல்யாணமே பண்ணிக்கலையே. அவருக்கு முழுப் பக்கம், போட்டோவோட போட்டிருக்கோம். அங்க கோடு எங்க போகுது?"

"அவன் ஆம்பளை."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் வெட்கம் துளிகூட இல்லை என்றார் சித்தி. மழை பெய்தால் நனையும் என்பது போலச் சொன்னாராம்.

"அப்ப ஏழு பேரை வளர்த்தவங்க யாரு?"

"நான் நன்றி கெட்டவன் இல்ல. கடைசிப் பக்கத்துல, வீட்டு வேலைக்கு உதவியாக இருந்தவர்னு ஒரு வரி போடு."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அத்தைக்கு இது கேட்காமல் இருக்க வழியே இல்லை. சித்தி விடைபெறப் போனபோது அவர் நிமிரவில்லை. "நீ எதுக்கு இதுக்காக அவன்கிட்ட மல்லுக்கட்டுறே? விடு" என்றவர், மடித்த துண்டையே மறுபடி உதறி மறுபடி மடித்தாராம்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி என்னைக் கூப்பிட்டார். குரல் அமைதியாக இருந்தது. எனக்கு அதுதான் பயம்.

"பெரியத்தான் சொன்ன மாதிரியே செஞ்சிடுவோம். அத்தை பக்கத்தை எடுத்துடு. அதோட நிறுத்தாதே. மத்தவங்க பக்கத்துலயும் அத்தை வர்ற ஒவ்வொரு வாக்கியத்தையும் எடு. எடுத்த இடத்தை மேலே இழுத்து மூடாதே. வெள்ளையாவே விடு."

"சித்தி, வேண்டாம். குடும்பமே ரெண்டா உடைஞ்சிடும். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவங்கதானே வரணும்?"

"இல்லாதவங்களை எடுத்தா எதுக்குடி உடையுது?"

ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுக்க எடுக்கத்தான் தெரிந்தது. கடைக்குட்டியின் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் சேரும் வரை ஒன்றுமே மிஞ்சவில்லை. நாத்தனார் பக்கத்தில் இருட்டு மட்டும் இருந்தது, பிடித்துக்கொண்டு தூங்க ஆள் இல்லை. பெரியவருக்குச் சிறுவயதில் வந்த டைபாய்டு காய்ச்சல் வந்தபடியே நின்றது. அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போனது, தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியது எல்லாம் வெள்ளைத்தாள். பிறந்தார், காய்ச்சல் வந்தது, பதிவு அலுவலகத்தில் சேர்ந்தார். இதுதான் குடும்பத்தின் மூத்த மகன்.

'பெரியத்தான் திருத்தியபடி' என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பச் சொன்னார் சித்தி.

மறுநாள் பெரியவர் என்னைத்தான் அழைத்தார். "கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு போலிருக்கேம்மா. என் பக்கம் ஓட்டை ஓட்டையா இருக்கு."

"கோளாறு இல்ல பெரியப்பா. நீங்க எடுக்கச் சொன்னதைத்தான் எடுத்தோம்."

"காய்ச்சல் வந்தப்ப யாராவது தூக்கிட்டுப் போயிருப்பாங்கல்ல? அதை எழுத வேண்டியதுதானே?"

"யாருன்னு எழுதறது பெரியப்பா?"

போனை வைத்துவிட்டார். ஆனால் மற்றவர்கள் அவரை விடவில்லை. "நான் என்ன வானத்துல இருந்து நேரா பள்ளிக்கூடத்துலயா குதிச்சேன்?" என்று கடைக்குட்டி அவர் வீட்டுக்கே போய்ச் சண்டை பிடித்தார். நாத்தனார் அழுதுகொண்டே பேசினாராம். இத்தனை வருஷம் வாய் திறக்காத சித்தப்பாகூட அண்ணனுக்குப் போன் போட்டு, "நம்ம அத்தைண்ணா" என்று இரண்டே சொல் சொன்னாராம். வாரக் கடைசியில் தகவல் வந்தது: சேர்த்துக்கொள்ளலாம். மாமனாருக்குப் பக்கத்தில், தங்கை என்று, தனிப் பக்கத்தோடு. நடந்து வந்ததும் அதில் இருந்தது.

இத்தோடு முடிந்தது என்று நிம்மதியாக விடுப்பு எடுத்துக்கொண்டு வெளியீட்டுக்குப் போனேன். வாடகைக்கு எடுத்த கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், கீச்சென்று கத்தும் ஒரு மைக். அத்தையை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தோம். சித்தி புத்தகத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தார். அத்தை தன் பெயரின் மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

பெரியவர் மேடை ஏறினார். முன்னோர், மானம், மரியாதை என்று முழங்கிவிட்டுக் கடைசியில் கைகளை விரித்தார். "இந்தப் புத்தகத்துல, கோட்டுல வராத நம்ம அத்தையையும் பெருந்தன்மையோட சேர்த்திருக்கோம். நம்ம குடும்பத்தோட பெரிய மனசுக்கு வேற சாட்சி வேணுமா?"

சிலர் கை தட்டினார்கள். அத்தையின் விரல் பெயரை விட்டு விலகி மடிக்குள் போனது.

சித்தி எழுந்து நின்றார். மைக் இல்லாமலே அந்தக் குரல் கடைசி நாற்காலி வரை போனது. எத்தனையோ ஊர்களில், யாரும் சீந்தாத எத்தனையோ வகுப்புகளை அடக்கிய குரல்.

"பெரியத்தான், தப்பாச் சொல்லிட்டீங்க. திருத்திச் சொல்லுங்க."

பெரியவர் ஏதோ நகைச்சுவை என்பது போலச் சிரிக்கப் பார்த்தார். யாரும் உடன் சிரிக்கவில்லை.

"யாரு யாரைச் சேர்த்தது?" என்றார் சித்தி. "அவங்க பாயில தூங்கினது நீங்களும்தானே? திருத்திச் சொல்லுங்க."

சித்தப்பா சித்தியின் கையைப் பிடித்து இழுத்தார். "உட்காரு, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்."

பெரியவர் மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். தொண்டையைக் கனைத்தார். புத்தகத்தைப் புரட்டினார், கூரையைப் பார்த்தார். முதல் வரிசைப் பக்கம் மட்டும் அவர் கண் வரவில்லை. அவர் திருத்திச் சொல்லி முடிக்கும் வரை சித்தி உட்காரவில்லை.