கேம்டனில் அப்பா சொன்ன பங்கர் கதை

பொறாமையால்தான் போனேன். என் வயதுப் பெண் ஒருத்தி, யூத இனப்படுகொலையில் தன் குடும்பத்துக்கு நடந்ததைத் தனியாளாக மேடையில் சொல்கிறாள், சபை சிரிக்கிறது என்று படித்தேன். நான் இரண்டு வருடங்களாக அப்பாவின் முன் ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். யாழ்ப்பாணம், யுத்தம், எதையாவது சொல்வார் என்று. இதுவரை பதிவானது அவருடைய இருமல்.

போன மாதம், ஒரு சனிக்கிழமை. மூன்று மணிக் காட்சி. தலா பதினெட்டு பவுண், இரண்டு டிக்கெட். தோழிக்குக் கடைசி நேரத்தில் ஷிப்ட் மாறியதால் அப்பா வந்தார். லண்டனில் நாங்கள் இருக்கும் இல்ஃபோர்டில் 1.25க்கு எலிசபெத் லைன் ரயில். டொட்டன்ஹாம் கோர்ட் ரோடு வரை ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம். அங்கே நோர்தன் லைனுக்கு மாறினால் பத்து நிமிடத்தில் கேம்டன் டவுன். பிறகு எட்டு நிமிட நடை. அரங்கம் ஒரு பப்பின் மேல்மாடி. லிஃப்ட் இல்லை. முப்பத்திரண்டு படிகள்.

"இதுக்குக் கொம்மாவோடை சேர்ச்சுக்கே போயிருப்பன்," என்றார், அம்மா எத்தனை தரம் கூப்பிட்டும் சேர்ச்சுக்குப் போகாத அப்பா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

ஐம்பது இருக்கைகள். மேடையில் ஒரு மேசை, ஒரு பழைய பெட்டி, அவள்.

அவளுடைய தாத்தாவும் அவருக்குப் பிடிக்காத மைத்துனரும் ஒரு குளிர்காலம் முழுக்கப் பொய்ச்சுவர் ஒன்றின் பின்னால் ஒளிந்திருந்தார்கள். தின்னக் கிடைத்த பாணைப் பிசைந்து சதுரங்கக் காய்கள் செய்து விளையாடினார்கள். தோற்கப்போகிறார் என்று தெரிந்த நாளில் மைத்துனர் தாத்தாவின் ராணியை எடுத்துத் தின்றுவிட்டார். சபை சிரித்தது. அப்பா எல்லோரையும்விடச் சத்தமாக.

பிறகு பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களின் பட்டியல். மைத்துனரின் பெயரை வாசித்தாள்.

நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதங்கள். படங்கள். முத்திரை குத்திய தாள்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கோப்பு. அப்பாவின் அகதி விண்ணப்பம், வழக்கறிஞர் ஆங்கிலத்தில் எழுதியது. அதில் அப்பா எங்கும் சிரிக்கவில்லை.

எழுபது நிமிடத்தில் முடிந்தது. அவள் கீழே பாரில் நின்று வந்தவர்களோடு பேசினாள். அப்பா நேரே அவளிடம் போனார். அவருடைய ஆங்கிலம் கிடங்கு வேலைக்குப் போதும், இதற்குப் போதவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லு அவவுக்கு. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வேலிச் சண்டை. கோட்டிலை கேஸ். ஷெல்லுக்கு ஒளிக்க ஆளுக்கொரு பங்கர், வேலியோடை ஒட்டி வெட்டினம். நடு மண் இடிஞ்சு ரெண்டும் ஒண்டாப் போச்சு. பிறகு உள்ளுக்கையும் ஒரு கோடு கீறினம். ஷெல் விழேக்கை அந்தாள் இஞ்சாலை சரிஞ்சால் தள்ளிவிடுவன், உம்மடை தலை எங்கடை காணிக்குள்ளை எண்டு."

எனக்கே தெரியாத கதையை மொழிபெயர்த்தேன். எங்கள் ஊரில் வேலி இரவில் விரலளவு நகரும் என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

"ஒருநாள் வெளியாலை வந்தால் ரெண்டு வீட்டையும் காணேல்லை. நாங்கள் ரெண்டு பேரும் தேடினது வேலியை."

அவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்தாள். அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"நல்ல பிள்ளை," என்றார் அப்பா. பிள்ளை. வீட்டில் அது என்னைக் கூப்பிடும் சொல்.

திரும்பும் ரயில் ஸ்ட்ராட்ஃபோர்டைத் தாண்டியது. பிறகு, ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ செத்தவீட்டு முகத்தோடை ஃபோனை நீட்டுவாய். அந்த முகத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முதல் வரியிலேயே செத்துப்போவார். அவர் சாகிறது கடைசியிலை. அதுக்கு முன்னம் ஆக்களைச் சிரிக்க வைக்கிற சரியான பகிடிக்காரன்."

மனோர் பார்க் தாண்டியது. "அவரிட்டை ஒரு ஆடு நிண்டது," என்று தொடங்கினார். இல்ஃபோர்டில் கதவு திறந்தது. நான் எழவில்லை. கதவு மூடியது.

போகிறவர்களுக்கு: முன்வரிசை வேண்டாம், கால் நீட்ட இடமில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் படிகளை யோசியுங்கள். திரும்பும்போது ஷென்ஃபீல்ட் ரயிலா என்று பார்த்து ஏறுங்கள், சில ரயில்கள் வேறு பக்கம் போகும். ரெக்கார்டரை வீட்டில் விடுங்கள். இல்ஃபோர்டைத் தவறவிட்டால் சட்வெல் ஹீத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் மாறலாம், பத்து நிமிடம்தான்.

நாங்கள் ஷென்ஃபீல்ட் வரை போனோம். அது கடைசி நிலையம். ஆட்டின் கதை அந்த மேடைப் பெண்ணுக்குத் தெரியாது.