போஸ்டரில் இருந்த இரண்டாவது மகன்

கடைசி வகுப்பை முடித்துவிட்டுக் கைபேசியை எடுத்தேன். செல்லப்பாண்டி ஆறு தடவை அழைத்திருந்தான். அவன் என் மகளுக்கு அனுப்பிய படம் ஒன்றை அவள் எனக்குத் தள்ளிவிட்டிருந்தாள். விளாங்குடி பஸ் நிறுத்தத்துச் சுவரில் பசை காயாத கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மதுரையில் ஒருவர் காலையில் போனால் மதியத்துக்குள் சுவருக்கு வந்துவிடுவார். நடுவில் போதும்பொண்ணு பெரியம்மா, கல்யாண வீட்டில் எடுத்த படம், வாய் நிறைய வெற்றிலை. கீழே, 'மகன்கள்: செல்லப்பாண்டி, குப்பமுத்து.' மகள் கேட்டிருந்தாள்: "விளாங்குடி அப்பத்தாவுக்கு ஒரே பையன்தானப்பா? குப்பமுத்து யாரு?"

பதில் போடாமல் பஸ் ஏறினேன்.

பெரியம்மாவைத் தெரிந்தவர்களுக்கு அவர் பெயரின் கதையும் தெரிந்திருக்கும். டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு சம்சாரி வீட்டில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவர். பெண் பிள்ளை போதும் என்று சாமிக்குச் சொல்வதற்காக வைத்த பெயர் அது. அதற்காக அவர் மூக்கைச் சிந்தி நான் பார்த்ததில்லை. "பேருதானே போதும்னு வச்சாக, சோத்துத் தட்டுல அப்படிச் சொல்ல விட்டுருவேனா?" என்பார்.

குப்பமுத்துவின் கதை அவர் வாக்கப்பட்டு வந்த விளாங்குடித் தெருவில் நடந்தது. எனக்கு முன்னால் என் அம்மாவுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாக நான் பிறந்ததும், யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனை நம்பவைப்பதற்காக என்னைச் சுளகில் போட்டுத் தெருக்கோடிக் குப்பைமேட்டில் வைத்தார்கள். முன்பே பேசி வைத்தபடி அடுத்த வீட்டுப் பெரியம்மா வந்து எடுத்துக்கொண்டார். அம்மா ஓர் உழக்குத் தவிடு கொடுத்து என்னை அவரிடமிருந்து வாங்கினார். குப்பையிலிருந்து எடுத்ததால் குப்பமுத்து. அந்தக் காலத்தில் பல வீடுகளில் நடந்த சடங்குதான். தவிடு கைமாறியதோடு மற்றவர்கள் அதை மறந்துவிடுவார்கள். பெரியம்மா மறக்கவில்லை. அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "தவிட்டத் திருப்பித் தாரேன், எம்புள்ளயக் குடுத்துரு." அடிக்கப் போன அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஒருநாள், தன் பெயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் என் தலையைக் கோதியபடி சொன்னார்: "என்னைய வேணாம்னு பேரு வச்சாக. உன்னைய நான் வேணும்னு எடுத்தேன்டா."

கல்லூரியில் அந்தப் பெயர் பட்ட பாட்டை இங்கே எழுத விருப்பமில்லை. வேலை கிடைத்ததும் முதல் வேலையாக அரசிதழில் அறிவித்துப் பிரபாகர் ஆனேன். அம்மா அப்போது உயிரோடு இல்லை. பெரியம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லை; அல்லது தைரியம் வரவில்லை. இரண்டும் ஒன்றுதான்.

செல்லப்பாண்டியின் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவர் பசுமலையில் என் பள்ளிக்கே வந்தார். மாலை மணி அடித்து, வாசல் முழுக்கப் பிள்ளைகள். "ஏய் குப்பமுத்து" என்று கூப்பிட்டார். பக்கத்தில் சக ஆசிரியர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மூன்று முறை கூப்பிட்டார். நான் திரும்பாமல் சைக்கிள் நிறுத்தம் வரை நடந்தேன். பத்திரிகையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் வீட்டுக்குப் போய், இனி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "சரிப்பா" என்றார். காப்பி போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடங்கள் என்னை 'ஏப்பா' என்று மட்டுமே அழைத்தார். பிரபாகர் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

போன மாதம் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளை அவரிடம் அழைத்துப் போனேன். இப்போது பழைய பெயர்தான் மவுசு. யாருக்கும் இல்லாத பழைய பெயராக வேண்டும் என்று கைபேசியில் தேடித் தேடி அலுத்திருந்தாள் அவள். பெரியம்மா அடுக்கினார்: மூத்த பிள்ளைகள் தங்காத வீட்டில் மூக்குக் குத்தி மூக்காயி, சாமி காலடியில் ஒப்படைத்து அடைக்கலம், முருகனுக்கு நேர்ந்து வேலுத்தாய். மகள் விடாமல் எழுதிக்கொண்டாள். "பேரு அம்புட்டும் பயத்துல வச்சதுதான் தாயி. புள்ள பொழைக்கணும்கிற பயம்" என்றார்.

"அப்பாவுக்கு எப்படிப் பேரு வச்சாங்க அப்பத்தா?" என்று மகள் கேட்டாள்.

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "அத அவன்கிட்டயே கேளு தாயி" என்றார். கிளம்பும்போது மகள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்க, என் கையைப் பிடித்து, "இன்னும் சொல்லலையாப்பா?" என்றார்.

"சொல்றேன் பெரியம்மா."

"நான் இருக்கும்போதே சொல்லிரு. அவ வந்து என்கிட்ட கேக்கணும்ல."

வழியில் மகள் கேட்டாள். அம்மா எங்கோ கேள்விப்பட்டு வைத்த பெயர் என்று சொல்லிவிட்டேன்.

இழவு வீட்டில், மகன்கள் குடத்தில் நீர் எடுத்துவரும் நீர்மாலைக்குக் கிளம்பும் நேரம் செல்லப்பாண்டி என்னைத் தனியே அழைத்தான். "போஸ்டரைப் பாத்துக் கோவிச்சுக்காதண்ணே. ஆஸ்பத்திரியில வச்சே அம்மா சொல்லிருச்சு. அவன் பேரையும் போடு, நான் கூப்பிட்ட பேர்லயே போடு, நான் போன பெறகு அவனுக்கு என்ன கூச்சம்னுச்சு." சட்டையைக் கழற்றிவிட்டு அவனோடு நீர்க்குடம் எடுக்க நடந்தேன்.

வீடு திரும்பிக் குளித்துவிட்டு மகளிடம் சொன்னேன், குப்பமுத்து நான்தான் என்று. சுளகு, குப்பைமேடு, தவிடு, பள்ளி வாசல், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும், "ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா நான் போயி அவங்க மடியில படுத்திருப்பேன்லப்பா" என்றாள்.

பெரியம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பெயரைத்தான். நான் அரசிதழ் போட்டுத் தொலைத்ததை அவர் கடைசி வரை பத்திரமாக வைத்திருந்து, சுவரில் ஒட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவரை அறிந்தவர்கள் விளாங்குடிப் பக்கம் என்னைப் பார்த்தால் குப்பமுத்து என்றே கூப்பிடுங்கள். ஒரு தடவை கூப்பிட்டால் போதும், திரும்பிவிடுவேன். பெரியம்மா மூன்று தடவை கூப்பிட்டார்.