எலெனி அவித்த கோதுமை

புகையில் வாட்டிய மீனின் மணமும் ஒலிவ் எண்ணெயில் பூண்டு வதங்கும் மணமும் ஒன்றாய்க் கலந்து வரும் தெரு அது. ஜெர்மனியின் வடகடலோரத்துச் சிறு துறைமுக ஊர் ஒன்றுக்கு, மீன் தொழிற்சாலை வேலைக்கென இரண்டு தலைமுறைக்கு முன் வந்த கிரேக்கர்கள், நீலக் கதவு வைத்த வீடுகளும் ஒரு சிறிய தேவாலயமுமாய் அங்கேயே நிலைத்துவிட்டிருந்தார்கள். அதே தொழிற்சாலையில் வேலை செய்து அந்தத் தெருவிலேயே குடியிருந்த என் சித்தப்பா அதைக் "கிரேக்கத் தெரு" என்பார். கோடை விடுமுறைகளில் நாங்கள் கொலோனிலிருந்து அவர் வீட்டுக்குப் போவோம்.

எனக்குப் பத்து வயதான கோடையில் அம்மா யாரோடும் அதிகம் பேசவில்லை. வன்னியில் போர் முடிந்த நாட்களில் அவருடைய தம்பி, என் மாமா, காணாமல் போயிருந்தார். "அவன் எங்கையோ இருக்கிறான்" என்பதைத் தவிர அம்மா எதுவும் சொல்வதில்லை. மாமாவின் ஆன்மாவுக்குத் தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுப்போமா என்று அப்பா கேட்ட அன்று அம்மா சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

பக்கத்து வீட்டு எலெனி, தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், மாமாவைப் பற்றிச் சித்தப்பா சொல்லிக் கேட்டிருந்தவர், ஒரு காலையில் தட்டு நிறைய அவித்த கோதுமை கொண்டுவந்தார். மேலே சீனியும் உலர்திராட்சையும் தூவியிருந்தன. "இறந்தவர்களுக்காகச் செய்வது. என் தம்பிக்கு அவித்தேன், உங்கள் தம்பிக்கும் சேர்த்து" என்று உடைந்த ஜெர்மனில் சொன்னதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"என்ரை தம்பி சாகேல்லை எண்டு அவவுக்குச் சொல்லு. திருப்பிக் கொண்டுபோகச் சொல்லு."

நான் சொல்லும் முன்பே, அம்மாவின் முகத்திலிருந்து எலெனி புரிந்துகொண்டார். கதிரையை இழுத்து அம்மாவின் அருகே உட்கார்ந்து, கப்பலில் வேலைக்குப் போன தம்பி திரும்பவேயில்லை என்றும், உடல் கிடைக்காததால் தானும் பல வருடங்கள் கோதுமை அவிக்க மறுத்ததாகவும் சொன்னார். "அவித்தால், நான் கதவைச் சாத்திவிட்டேன் என்று அவன் நினைப்பானோ என்று பயம்." அதையும் நான் தமிழில் சொன்னேன். அம்மா கோதுமையைத் தொடவில்லை; எலெனியின் கையைப் பிடித்துக்கொண்டார். மத்தியானம் வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

பிறகு சித்தப்பா ஸ்டுட்கார்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். எங்கள் பயணங்களும் நின்றுபோயின. போன மாதம் நான் மட்டும் அங்கே போனேன். தொழிற்சாலை இருந்த இடத்தில் விடுமுறை விடுதிகள் நிற்கின்றன, தேவாலயம் பூட்டிக் கிடக்கிறது. எலெனி குளிர்காலத்தில் இறந்துவிட்டதாக அவர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் சொன்னாள். தெருவில் நின்றபடியே அம்மாவை அழைத்துச் சொன்னேன்.

"அவவுக்கு ஆர் அவிச்சது?" என்று கேட்டார் அம்மா.

"தெரியேல்லை அம்மா."

மாமா காணாமல் போனதிலிருந்து அம்மா அழுது நான் கேட்டதில்லை. அன்று அழுதார். நெடுநேரம் அழுது, நடுவே "தம்பி, என்ரை தம்பி" என்று கூப்பிட்டார்.