முதல் பேஸ் பக்கத்திலிருந்து பார்த்தால்

டுவைட் ஹேவர்காம்ப் சிரித்து நான் பார்த்ததில்லை. கோபப்பட்டும் பார்த்ததில்லை. ஜெயித்த நாளிலும் தோற்ற நாளிலும் ஒரே முகம்தான். குளிர்காலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுவார். அப்போதும் அதே முகம். அந்த வருஷம் எங்கள் பேஸ்பால் அணியான கார்வின் ஹெரன்ஸ் பெரும்பாலும் தோற்றுக்கொண்டே இருந்ததால், அவருடைய முகம் எங்களுக்கெல்லாம் பொருத்தமாகவே தெரிந்தது.

ஹெரன் என்றால் நாரை. தொப்பியில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரைப் படம். 'அந்த இன்னொரு காலையும் தூக்கிட்டா எல்லாருக்கும் நிம்மதி' என்பது எங்கள் ஊர் முடிதிருத்தும் கடையில் அந்தக் கோடை முழுக்க ஓடிய பேச்சு. அயோவாவில், ஆற்றங்கரையில், சோளக்காட்டுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கிறது மைதானம். பெரிய லீக் எதற்கும் சொந்தமில்லாத அணி. ஆனால் சம்பளம் வாங்கி ஆடுகிற அணி.

டுவைட் பக்கத்து ஊர் தானியக் கிடங்குக்காரரின் மகன். இருபது வயதில் நல்ல வேகத்தில் பந்து எறிந்தவர். பெரிய லீகுக்கு இரண்டு படி கீழே தோள் கிழிந்தது. அன்றிலிருந்து பந்து எறிபவர்களுக்குப் பயிற்சியாளர். ஜூன் மாதம் மேனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட, அந்த நாற்காலியும் இவர் தலையில் விழுந்தது. அதாவது, நாற்காலி அல்ல. ஒரு கவிழ்த்த வாளி. ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டில் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் அந்த வாளிமேல்தான் உட்காருவார். வருஷக்கணக்காக அதே இடம். இடம் மாறினால் அதிர்ஷ்டம் போய்விடும் என்று பேஸ்பால்காரர்கள் நம்புவார்கள். போவதற்கு எங்களிடம் அதிர்ஷ்டம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

நான் அணியின் ஆட்டப் புள்ளிவிவரங்களைப் பார்க்கிறவன். டுவைட் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழ்த்தளத்து அறையில் பெர்தோ இருந்தான். டொமினிகன் குடியரசிலிருந்து வந்த, இடதுகையால் பந்து எறியும் பிட்சர். முழுப்பெயர் அடல்பெர்த்தோ தெஹேதா. ஆட்டக்காரர்களை ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். டுவைட்டின் மனைவி லோர்னா வருஷம் ஒருவனைச் சோறு போட்டு வைத்துக்கொள்வாள். என் விசாவைப் போலவே பெர்தோவின் விசாவும் அணியின் கையெழுத்தில் தொங்கியது. அணி விட்டால் நாட்டையும் விட்டாக வேண்டும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. பேச என்ன இருக்கிறது?

ஆகஸ்டில் அணியின் பொது மேலாளர் கிரெக் ஸ்டாண்டிஷ் சொல்லியனுப்பினார். கடைசி இடத்தில் இருக்கிறோம். புதிதாக இரண்டு பேரை எடுக்கப் போகிறேன். இரண்டு பேர் போக வேண்டும். யார் என்று டுவைட் ஒவ்வொருவரையும் எடைபோட்டு ஞாயிறு மதியத்துக்குள் தர வேண்டும்.

சனிக்கிழமை காலை சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம். நான் எண்களைச் சொன்னேன். டுவைட் ஆளைச் சொன்னார். பேஸ்களுக்கு நடுவில் ஷார்ட்ஸ்டாப்பாக நிற்கும் கென்ட்ரிக்குக்கு முட்டி போய்விட்டது, கை இருக்கிறது, கை இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். மட்டைக்காரனுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் மார்லோவுக்கு வாய் அதிகம், ஆனால் பந்து கீழே விழாது. ஓடுகிறவன் தொட வேண்டிய முதல் பேஸில் காவல் நிற்கும் டானருக்குப் பந்தைத் தவிர உலகத்தில் ஒன்றும் கண்ணில் படாது, அந்த இடத்துக்கு அது போதும். வலப்பக்க மூலையில் நிற்கிறவன் ஏன் அங்கே நிற்கிறான் என்று அவனுக்கே தெரியாது. அவன் ஒருவன் ஆயிற்று.

இன்னொருவன் வேண்டும். பெர்தோவின் பெயர் வந்தது.

எண்கள் தெளிவாக இருந்தன. வேகப்பந்து பரவாயில்லை. அதே கைவீச்சில் வேகத்தைக் குறைத்து எறிந்து மட்டைக்காரனை ஏமாற்றும் பந்து ஒன்று அவனிடம் உண்டு. அதுதான் அவன் பிழைப்பு. ஜூலையிலிருந்து அந்த மெதுபந்துக்குக் காத்திருந்தவர்கள்போல அடித்தார்கள்.

"மெதுபந்து செத்துப்போச்சு. மே மாசம் உயிரோட இருந்துச்சு" என்றார் டுவைட்.

லோர்னா வாணலியைச் சத்தமாக வைத்தாள். "என் சாப்பாட்டு மேஜையில வச்சு யாரையும் வெட்டாதேன்னு சொல்லியிருக்கேன்ல? அதுவும் கீழ அவன் தூங்கிட்டிருக்கும்போது."

"நம்ம வீட்டுல வேற மேஜை இல்லையே."

"மேஜை இல்லையாம். உன் மூஞ்சிக்கு அந்த மேஜையே தேவலை. அதுவாச்சும் ஆடும்."

டுவைட் மேஜைக் காலுக்கடியில் மடித்து வைத்திருந்த அட்டையைக் காலால் தள்ளிச் சரிசெய்தார். மேஜை ஆடாமல் நின்றது. பெர்தோ பெயருக்கு நேரே 'மெதுபந்து செத்துப்போச்சு' என்று எழுதினார்.

ஞாயிறு மதியம் ஆட்டத்துக்கு முன்பே தாள் கிரெக்கிடம் போய்விட்டது. ஆட்டம் முடிந்ததும் சொன்னால் போதும், அதுவரை ஆளுக்குப் பஞ்சம் என்றார் கிரெக். பெர்தோ ஒன்றும் அறியாமல் சூரியகாந்தி விதை மென்றுகொண்டு கம்பிக்கு அப்பால் உட்கார்ந்திருந்தான்.

ஆறாவது இன்னிங்ஸில் மார்லோவின் வாய் வேலையைக் காட்டியது. அம்பயரின் அம்மாவைப் பற்றி ஏதோ தொடங்கினான். கேட்சர் வெளியே போனால் எங்களுக்கு வேறு கேட்சர் இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் மேனேஜர் குறுக்கே போய்த் தன்னை வெளியேற்றிக்கொள்வதுதான் பேஸ்பால் முறை. டுவைட் வாளியிலிருந்து எழுந்து மெதுவாக நடந்தார். மார்லோவுக்கும் அம்பயருக்கும் நடுவில் நின்று, வானிலை விசாரிக்கிறவர் குரலில் சொன்னார்: "அவன் சொல்ல வந்ததையெல்லாம் நான் சொன்னதா வச்சுக்கோங்க. என்னை அனுப்பிடுங்க."

அம்பயர் அனுப்பிவிட்டார்.

வெளியேற்றப்பட்டவர் டக்அவுட்டில் இருக்கக் கூடாது. உடை மாற்றும் அறை மைதானத்தின் மறுபுறம், முதல் பேஸ் பக்கத்தில், தொத்திறைச்சிக் கடைக்குப் பின்னால். டுவைட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடையின் நிழலில் கம்பிவேலியைப் பிடித்து நின்றார். பந்து வேகம் அளக்கும் கருவியோடு நானும் அங்கேதான் இருந்தேன். பெர்தோ எறிய வந்தான்.

மதிய வெயில் அடிக்காது என்பதால் எங்கள் டக்அவுட் மூன்றாவது பேஸ் பக்கம். வெளியூர்களில் நிழல் பெரும்பாலும் முதல் பேஸ் பக்கம், அதை உள்ளூர்க்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். அங்கேயும் எங்களுக்கு மிஞ்சுவது மூன்றாவது பேஸ் பக்கமே. இடதுகைக்காரன் எறியத் தயாராக நிற்கும்போது முதுகு மூன்றாவது பேஸைப் பார்க்கும், மார்பு முதல் பேஸைப் பார்க்கும். எங்களிடம் இருந்த ஒரே கேமராவும் முதுகுப் பக்கம்தான். கோடை முழுக்க டுவைட் பார்த்தது பெர்தோவின் முதுகை.

இப்போது முன்புறத்தைப் பார்த்தார். வேகப்பந்துக்கு முன் பெர்தோவின் கையுறை மூடியே இருந்தது. மெதுபந்துக்கு விரல்களை மாற்றிப் பிடிக்கும்போது கையுறை மீன் வாயைப்போல விரிந்தது. முதல் பேஸ் ஓரம் நிற்கும் எதிரணிப் பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு மட்டைக்காரனைக் கூப்பிட்டார். கையுறை மூடியிருந்தால் "வா ஜேக்!" விரிந்தால் சட்டை எண்ணைச் சொல்லி "வா பதினொண்ணு!" பதினொன்று என்றதும் ஜேக் காத்திருந்தான். பந்து ரயில் பாதையைத் தாண்டி விழுந்தது.

"பந்து சாகல" என்றார் டுவைட். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

தொப்பியைப் போட்டுக்கொண்டு கிரெக்கின் அறைக்கு மாடியேறினார். கருவியை வைத்துவிட்டு நானும் பின்னால் போனேன்.

கிரெக் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. லீகுக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது, டெக்சாஸிலிருந்து புது இடதுகைக்காரன் வண்டியில் வந்துகொண்டிருக்கிறான், இடம் நிரம்பிவிட்டது என்றார்.

"ஆட்டத்துக்கு முன்னாடி கூட உங்களை நான் கேட்டேன், டுவைட். வேற யாராவதான்னு. நீங்கதான் செத்துப்போச்சுன்னு எழுதிக் கொடுத்தீங்க."

"ஆமா. நான்தான்."

"இப்ப என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

 என்னை அனுப்பிவிட்டு அந்தச் சம்பளத்தில் அவனை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டுவைட். கேலி செய்கிறார் என்று நினைத்து கிரெக் சிரித்தார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு எதைக் கேட்டாலும் அப்படித்தான். பயிற்சியாளர் இடம் ஆட்டக்காரன் இடமாகாது என்று டுவைட்டுக்கும் தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் பெர்தோவை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திச் சொன்னார். வெளியே வந்து, அவனுடைய பெட்டகத்துக்கு மேல் பெயர் எழுதி ஒட்டியிருந்த வெள்ளை நாடாவைத் தன் கையாலேயே உரித்தார். அதை வேறு யாரிடமும் விடமாட்டார். மற்றவர்கள் அவரவர் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். டானரிடம் மட்டும் நின்று, பெர்தோவின் கையுறை விரிவதைப் பார்த்ததுண்டா என்று கேட்டார்.

"பார்த்திருக்கேனே கோச்" என்றான் டானர். "எப்பவும் அப்படித்தானே பண்ணுவான். தெரிஞ்சுதான் பண்றான்னு நினைச்சேன்."

துரத்தியவரும் துரத்தப்பட்டவனும் ஒரே வீட்டுக்குப் போக வேண்டும். வழக்கம்போல மூவரும் டுவைட்டின் பிக்அப் வண்டியின் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பெர்தோ நடுவில். ரயில்வே கேட்டில் நிற்கும்போது டுவைட் கையுறை விஷயத்தைச் சொன்னார். நீண்ட சரக்கு ரயில். அது போய் முடிந்ததும் பெர்தோ கேட்டான்.

"யாருக்கெல்லாம் தெரியும், கோச்?"

"மத்த டீம் எல்லாருக்கும்."

"நம்ம டீம்ல?"

"இன்னிக்குத்தான்."

பெர்தோ தலையாட்டினான். "சரி. இப்பவாச்சும் சொன்னீங்களே."

அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

லோர்னா வாசலில் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். டுவைட் கராஜ் சுவரில் வலை கட்டினார். வெளிச்சம் இருக்கும்வரை பெர்தோ எறிந்தான். டுவைட் முதல் பேஸ் இருக்க வேண்டிய இடத்தில், தக்காளிச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்றார். "விரியுது." "இன்னும் விரியுது." "முதல்லயே மெதுபந்துக்குப் பிடி. வேணும்னா அப்புறம் வேகப்பந்துக்கு மாத்திக்கோ." கடைசியில் ஒன்றும் சொல்லவில்லை. எது வேகம், எது மெது என்று வலையில் விழும்வரை எனக்கும் தெரியவில்லை. நான் ஜூலையிலிருந்து எண்களில் தேடிய பந்து அது.

டுவைட் வடக்கே வேறொரு லீகில் மேனேஜராக இருக்கும் பழைய சகாவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. செய்தி வைத்தார். திங்கட்கிழமை இன்னொரு செய்தி. புது அணி கிடைத்தால் பெர்தோ ஊருக்குப் போகப் போட்டிருந்த விமானச் சீட்டை ரத்து செய்யலாம். செவ்வாய் காலை விமான நிலையத்துக்குப் போகும்போது போனை வண்டியின் முன்பலகையில் எல்லாரும் பார்க்கும்படி நிறுத்தி வைத்திருந்தார். அடிக்கவில்லை. லோர்னா சுட்டுக் கொடுத்த ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெர்தோ சோளக்காட்டைப் பார்த்தபடி வந்தான். இறங்கும்போது டுவைட் அவன் கையைப் பிடித்தார். கையுறையை மூடி வை என்றார். வேறு எதுவும் சொல்ல வராத மனிதர்.

அன்று மாலை ஆட்டம் இருந்தது. டெக்சாஸ்காரன் எறிந்து பழக வந்ததும், டுவைட் வாளியை விட்டு எழுந்து மைதானத்தைக் குறுக்கே கடந்து முதல் பேஸ் பக்கத்து எதிரணி டக்அவுட் வாசலில் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வாசலில் நின்றதில்லை.

"என்ன கோச், வழி தவறிட்டீங்களா?" என்றான் அங்கிருந்த ஒருவன். "இல்ல, கட்சி மாறிட்டீங்களா?"

டுவைட்டின் கண் டெக்சாஸ்காரன்மேல் இருந்தது. ஒவ்வொரு பந்துக்கும் கையுறையைப் பார்த்தார். பழகி முடிக்கும்வரை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வாளிமேல் உட்கார்ந்தார். எப்படி என்று கேட்டேன்.

"விரியல" என்றார். "பந்துதான் சுமார்."