வேட்பாளர் சாத்திய கேட்

தென் டகோட்டாவில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். மாடுகளுக்கு ஓட்டில்லாததால் மாநிலம் முழுவதற்கும் சேர்த்து வாஷிங்டன் சபையில் ஒரே ஒரு நாற்காலிதான். அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் தேர்தலுக்குத் தேர்தல் ஆர்லிஸ் ட்வெய்ட்டின் பண்ணைக்கு வந்து, ஒரு மாட்டின் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு போவார்கள். எல்லோரும் என்றால், அவளுடைய கட்சிக்காரர்கள். அடுத்த கட்சிக்காரர்கள் வந்தால் காபிகூடக் கிடைக்காது.

ஆர்லிஸுக்கு அறுபது தாண்டிவிட்டது. முதல் ஓட்டை எந்தக் கட்சிக்குப் போட்டாளோ, இன்றுவரை அதற்கேதான். கல்யாணத்துக்கு முன் மெர்லிடம் அவள் கேட்ட ஒரே கேள்வியும் அந்தக் கட்சியா என்பதுதான். குடிப்பானா என்றுகூடக் கேட்கவில்லை. கவுண்டி என்கிற அந்த ஜில்லாவின் திருவிழா மேடையில் வேட்பாளரை அறிமுகம் செய்வது அவள் வேலை. பெரிய பேச்செல்லாம் கிடையாது. "இவரை என் நிலத்துக்குள்ள விடலாம்" என்பாள். கேட்டவர்கள் நம்பிப் போய் ஓட்டுப் போடுவார்கள்.

அந்த ஆகஸ்டில் வந்தவர் பிரெஸ்டன் லாக்ரிட்ஜ். சமீபத்தில்தான் மாநிலத்தில் குடியேறியவர். அவருடைய தொப்பி அதைவிடப் புதிது. காரைவிட்டு இறங்கியதும், "மேடம், உங்ககிட்ட மொத்தம் எத்தனை மாடு இருக்கு?" என்றார். அந்தப் பக்கத்தில் அது பேங்கில் எவ்வளவு போட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்பதற்குச் சமம்.

"வேலிக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்" என்றான் மெர்ல், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"விடு, தெரியாமக் கேட்டுட்டாரு" என்று ஆர்லிஸ் அவன் விலாவில் இடித்தாள். கட்சிக்காரர் ஆயிற்றே. வைக்கோல் வேலை தலைக்குமேல் கிடந்ததால் வேட்பாளரையும் கேமராக்காரர்களையும் தூரத்து மேய்ச்சல் நிலத்துக்கு வழி காட்டிவிட்டு, இருவரும் வேறு திசையில் போய்விட்டார்கள்.

அங்கே ஒரு கேட் அகலத் திறந்து, கம்பியால் வேலியோடு கட்டியிருந்தது. அதன் வழியாக மாடுகள் நடந்து நடந்து தேய்ந்த தடம் அந்தப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறது. திறந்த கேட் திறந்தே இருக்க வேண்டும், சாத்திய கேட் சாத்தியே இருக்க வேண்டும். இது அந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். லாக்ரிட்ஜ் கம்பியை அவிழ்த்தார், கேட்டைச் சாத்தினார், சங்கிலியை மாட்டினார், கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் டி.வி.யில் விளம்பரம் வந்தது. "வாஷிங்டன்ல கதவைத் திறந்து போட்டுட்டாங்க. நான் போய்ச் சாத்துறேன்!"

மெர்லுடைய கை தட்டில் நின்றது. "ஏய் ஆர்லிஸ், அது நம்ம கேட்டு."

"ஆமாய்யா, எவ்வளவு அழகா..." என்று ஆரம்பித்தவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஐயோ, தண்ணி!"

வண்டியில் போகும்போதே கால்நடை டாக்டருக்குப் போன் போட்டாள். அந்த வட்டாரத்துக்கு ஒரே டாக்டர் ஜோலீன் பிரெக்கி. அவளும் அதே நாற்காலிக்குத்தான் நிற்கிறாள், அடுத்த கட்சியில். ஓட்டுக் கேட்கும் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். வந்ததும் வராததுமாகக் கத்தினாள்: "கேட்டை முழுசாத் திறந்துடாதீங்க! ஒரேயடியாக் குடிச்சா செத்துடும்!" கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குடிக்கவைத்தார்கள். ஏழு மாடுகள் எழுந்திருக்கவே இல்லை. ஆர்லிஸ் புழுதியில் உட்கார்ந்து அழுதாள். ஜோலீன் தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கை கழுவிக்கொண்டு போனாள். திட்டியிருந்தால்கூட இவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நடந்ததைக் கட்சி ஆபீசுக்குச் சொன்னாள். வருத்தம் தெரிவித்து வேட்பாளர் கையெழுத்துப் போட்ட போட்டோ ஒன்று வந்தது. கேட்டைச் சாத்துகிற போட்டோ.

திருவிழாவுக்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஆர்லிஸ் மேடையேறினாள். "இவரை என் நிலத்துக்குள்ள விட்டேன். கேட்டைச் சாத்திட்டுப் போயிட்டாரு" என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தனக்குத்தான் இவ்வளவு வரவேற்பு என்று லாக்ரிட்ஜ் தொப்பியைக் கழற்றி நாலு பக்கமும் ஆட்டினார். கீழே இறங்கியவளை ஆளாளுக்குத் தட்டிக்கொடுத்தார்கள். "போட்டியே ஒரு போடு!"

சொல்லிவிட்டாள், சரி. ஓட்டை யாருக்குப் போடுவது? அடுத்த இரண்டு மாதமும் அவளுக்கு அதே நினைப்புதான். பால் கறக்கும் கை எந்த மடியென்று அறியும். ஓட்டுப் போடும் கைக்கு என்ன வந்தது என்று தன்னையே ஏசிக்கொண்டாள். ஜோலீனுக்குத்தான் போட வேண்டும் என்று மனசு சொன்னது. போடத்தான் போகிறேன் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினாள்.

நவம்பரில், ஓட்டுச்சாவடி மறைப்புக்குள், ஜோலீன் பெயருக்கு நேராகப் பேனாவைக் கொண்டுபோனாள். செத்துப்போன அப்பா, அம்மா, மாமனார் எல்லோரும் பின்னால் நின்று தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பது போலிருந்தது. பேனா மெல்ல நகர்ந்தது. லாக்ரிட்ஜுக்கே போட்டுவிட்டு வெளியே வந்தாள். வாசலில் நின்ற மெர்ல் யாருக்கு என்று கேட்கவில்லை. அவளும் அவனைக் கேட்கவில்லை. வீடு போய்ச் சேரும்வரை இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லாக்ரிட்ஜ் அமோகமாக ஜெயித்தார். விழுந்து விழுந்து சிரித்த அந்தக் கவுண்டியில்தான் ஓட்டு வித்தியாசம் இன்னும் அதிகம்.

அடுத்த வாரம் ஒரு கிடாரிக்கு வயிறு உப்பிக்கொண்டது. ஜோலீன் கூப்பிட்டவுடனே வந்தாள், எப்போதும்போல. அவள் பேசாமல் வேலை பார்ப்பதை ஆர்லிஸால் தாங்க முடியவில்லை.

"ஒரு விதத்துல நீ ஜெயிக்காததும் நல்லதுதான், ஜோலீன். நீ வாஷிங்டன் போயிட்டா எங்க மாட்டையெல்லாம் யாரு பாக்குறது?"

ஜோலீன் குழாயைக் கிடாரியின் தொண்டைக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"எல்லாத் தொழுவத்துலயும் இதையேதான் சொல்றாங்க" என்றாள். "தலையைக் கெட்டியாப் பிடிங்க, ஆர்லிஸ்."

ஆர்லிஸ் பிடித்துக்கொண்டாள். கிடாரியின் கழுத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.