முளைத்து நின்ற மணல்

கடலுக்கடியில் என்னென்ன வாழ்கின்றன என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை, படித்ததும் அதைத்தான். விருட்டென்று தண்ணீரில் பாய்வதால், படகோட்டும் தாய்மாமன் அவளுக்கு வைத்த பெயர் மீன்கொத்தி.

புதுத் துறைமுகத்துக்குத் தோண்டும் சேற்றைக் கொட்டக் கடலில் ஓர் இடம் வேண்டியிருந்தது. படகுக்குப் பின்னால் கேமராவைக் கட்டி இழுத்தார்கள். படம் முழுக்க மணல்.

"காலி இடம். கொட்டலாம்னு கையெழுத்துப் போடும்மா" என்றார் பொறியாளர்.

அந்தச் சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவள் பிறந்த குடிசையை இடிக்க வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். அடுப்பு எரிகிற வீட்டைக் காலி இடம் என்று சொல்ல வாய் கூசாதவர்கள், கடலையா விட்டுவைப்பார்கள்? ஆனால் கோபம் ஆதாரமாகாது. படத்தில் ஆங்காங்கே விரல் நுழையும் துளைகள் தெரிந்தன.

"ஒரு தடவை இறங்கிப் பார்த்துடறேன் சார்."

"மணலைப் பார்க்க எதுக்கு இறங்கணும்? கரையிலயே கெடக்கே!"

"விடுங்க சார், உடும்புப் பிடி. விடமாட்டா" என்றார் மாமா.

"மாமா, இன்ஜினை அணைச்சுட்டுச் சத்தம் போடாம இருங்க."

"மூச்சாவது விடலாமாடி?"

இறங்கி, கடலடியில் கேமராவை நிறுத்திவைத்துவிட்டு, தள்ளிப்போய் மணலோடு மணலாகப் படுத்தாள். ஒன்றுமில்லை. முதுகில் கட்டிய உருளையில் காற்று குறைந்துகொண்டே வந்தது. அவர் சொன்னதுதான் சரியோ?

அப்போது சற்றுத் தள்ளி ஒரு நூல் எழுந்தது. அதற்குக் கடுகளவு கண். பக்கத்தில் இன்னொன்று. பிறகு மணல் முழுவதும் முளைத்தது! நூற்றுக்கணக்கான சிறு விலாங்குகள், வாலைக் குழிக்குள் ஊன்றி, நாற்று வயல்போல நீரோட்டத்தில் அசைந்தபடி கண்ணுக்குத் தெரியாத இரையைக் கொத்தின. கேமராவை இழுத்தபடி படகு இரைந்துகொண்டு வந்தபோதெல்லாம் ஒரு தெருவே கதவடைத்துக்கொண்டிருக்கிறது! கும்பிட அவளுக்குச் சாமி இல்லை, வியப்புக்குக் குறைவுமில்லை. மெல்ல விட்டுக்கொண்டிருந்த மூச்சை அடக்க முடியாமல் ஒரேயடியாக விட்டாள். குமிழிகள் எழுந்தன. அடுத்த நொடி, வெறும் மணல்.

படகில் படத்தைப் போட்டுக் காட்டினாள். பொறியாளர் திரையருகே குனிந்தார். பிறகு கேட்டார்: "இதுங்க எவ்வளவு தூரத்துக்கு இருக்கும்?"

"தெரியலை சார். இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்துதான் அளக்கணும்."

"மேலதிகாரிங்க என்னை வறுத்தெடுப்பாங்கம்மா."

"அப்ப கையெழுத்து?" என்று மாமா வாயைக் கிண்டினார்.

"வேற இடம் பார்த்துட்டுக் கேட்கறேன்" என்றார் பொறியாளர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல்லேருந்து இன்னொரு வாட்டி போடும்மா."